ஓர் ஏலக்காயும் ஒரு பள்ளத்தாக்கும்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் உலகமயமாதல் குறித்து ஒரு பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைத் தேர்வுக்காக நன்றாகவே படிக்கிறார்கள். 1991இல் இந்தியா தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றியது, 1995இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது, பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன, நன்மைகள் இவை, தீமைகள் இவை என்று வரிசையாக எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். தேவதானப்பட்டியில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் எனக்கு அந்த விடைகளைத் திருத்தும்போதெல்லாம் ஒரு குறை தோன்றும். விடையில் தவறில்லை. ஆனால் எழுதிய பிள்ளைக்கு அது வேறு யாருக்கோ, வேறு எங்கோ நடந்ததாகவே தெரிகிறது.

ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "உலகமயம் உங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டேன். "அத்தா டச் போன் வாங்கினப்போ" என்றான் ஒருவன். "தேனியில பீட்சா கடை திறந்தப்போ" என்றாள் ஒரு பெண். தந்தை பல ஆண்டுகளாகத் தமாமில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தான். அவன் வீட்டு அரிசியும், அக்காவின் நிக்காஹ் செலவும் எங்கிருந்து வந்தன என்பது வகுப்புக்கே தெரியும். அதற்கும் பாடநூலில் உள்ள அந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு என்று அவனுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அடுப்பங்கரையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்துச் சென்று மேசையில் ஒரு தட்டில் வைத்தேன். பிரியாணிக்கும் தேநீருக்கும் போடுகிற காய்தான். அந்த ஒரு காயைக் கொண்டு சில மாலைகளில் நாங்கள் படித்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

ஏலக்காயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து குமுளி செல்லும் நெடுஞ்சாலை வத்தலக்குண்டைக் கடந்து, கொடைக்கானல் பிரியும் காட்ரோட்டைத் தாண்டி, எங்கள் ஊர் வழியாகப் பெரியகுளத்துக்கும் தேனிக்கும் போகிறது. தேவதானப்பட்டியைச் சுற்றி மாந்தோப்பும் மஞ்சளாற்று நீரில் விளையும் வயலும்தான் மிகுதி. ஆனால் இந்தச் சாலையின் மேற்குக் கோடியில் போடிநாயக்கனூரும் கம்பமும் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே, மலையின் மறுபக்கம், இடுக்கி மாவட்டத்து ஏலமலைகள். காய் விளைவது கேரளத்தில். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அங்கே சேர்ந்தன. ஆனால் காயைப் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி தேனி மாவட்டத்தவை, விலை பேசப்படும் இடங்களில் முதன்மையான ஒன்று போடி. எங்கள் ஊரில் பலருக்கு அங்கே உறவு உண்டு.

முதல் மாலை சொற்களிலிருந்து தொடங்கினோம். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகளிடம், அத்தஹ்ர் என்றும் அல்இன்ஸான் என்றும் அழைக்கப்படும் 76ஆம் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தில் கலக்கப்படும் பொருள்கள் எவை என்று கேட்டேன். காஃபூரும் ஸன்ஜபீலும் என்று ஒரு பெண் உடனே சொன்னாள். ஸன்ஜபீல் என்றால் இஞ்சி. அந்த அரபிச் சொல் பாரசீகம் வழியாக இந்திய மொழிகளிலிருந்து சென்றது என்பர் மொழியியலார். அதன் வேரில் நம் 'இஞ்சி' இருக்கிறது என்பது பலரின் கருத்து. காஃபூர் என்னும் கற்பூரம் மலாய்த் தீவுகளின் பொருள், பெயரும் அங்கிருந்தே போனது. 83ஆம் அத்தியாயத்தில் வரும் மிஸ்க் என்னும் கஸ்தூரிக்கும் மூலம் வடமொழியில் காட்டப்படுகிறது. அருள்மறை இறங்கிய ஏழாம் நூற்றாண்டில் மக்கத்து மக்களுக்கு இச்சொற்கள் புரிந்தன. பொருள்கள் அவர்களின் சந்தைக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன என்பதுதான் அதன் பொருள். குறைஷ் அத்தியாயம் அவர்களின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டுகிறது. அவை வணிகப் பயணங்கள். பெருமானார் (ஸல்) அவர்களே ஷாம் நாட்டுக்கு வணிகச் சரக்கோடு சென்றவர்கள்.

ஏலத்துக்கு அரபியில் 'ஹைல்' என்று பெயர். வளைகுடாவில் இருக்கும் எந்த அத்தாவைக் கேட்டாலும் சொல்வார். வடமொழியில் 'ஏலா', தமிழில் 'ஏலம்'. மூன்றும் ஒரே பொருளோடு நடந்து போன சொற்கள் என்பது காதால் கேட்டாலே விளங்கும். இங்கே ஒரு மாணவன் கேட்டான்: "சார், போடியில ஏலக்காய் ஏலம்னு போர்டு இருக்கே, ரெண்டும் ஒண்ணா?" நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. விலை கூவி விற்கும் ஏலம், போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்னும் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. இந்தியில் 'நீலாம்' ஆனதும் அதுவே. அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லோ, அறிவிப்பைக் குறிக்கும் ஓர் அரபிச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அரபு வணிகர் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் கொண்டுபோன சொல் பல நூற்றாண்டுகளுக்குப் பின் பீரங்கி பூட்டிய கப்பலில் ஏறி நம் கடற்கரைக்கு வந்து, கடைசியில் போடியில் ஏலக்காயின் பக்கத்தில் போய் அமர்ந்துகொண்டது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வகுப்பில் அவர்கள் மறக்கவே போவதில்லை என்று நான் நம்பும் செய்தி இது ஒன்றுதான்.

பீரங்கியைச் சொன்னதால் அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது பாடநூலில் இருக்கிறது. அவன் இரண்டாம் முறை வந்தபோது, 1502இல், மக்காவிலிருந்து ஹஜ் பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த கப்பலொன்றைப் பிடித்துக் கொள்ளையிட்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கவே தீயிட்டுக் கொளுத்தியது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அதுவரை இந்தியப் பெருங்கடல் யாருடைய உடைமையாகவும் இருந்ததில்லை. அரபியர், குஜராத்தியர், மரைக்காயர், செட்டியார், யூதர், சீனர் எல்லோரும் காற்றுக்குக் காத்திருந்து கப்பல் ஓட்டினர். துறைமுகத்தில் சுங்கம் செலுத்தினர். சண்டையும் கடற்கொள்ளையும் இல்லாமல் இல்லை. ஆனால் கடலில் செல்வதற்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வாங்காத கப்பல் பறிக்கப்படும் என்ற முறையைப் போர்த்துக்கீசியர்தாம் கொண்டுவந்தனர். 'கர்த்தாஸ்' என்ற அந்தச் சீட்டின் பெயரும் அரபியின் 'கிர்தாஸ்' என்னும் தாளோடு உறவுடையதே. 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூல், வணிகம் செய்து வாழ்ந்த ஒரு சமுதாயம் இந்தப் புதிய முறையால் எப்படி நொறுங்கியது என்பதைப் பதிவு செய்திருக்கிறது. உலகமயம் ஒன்றல்ல, பல என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த இடம் போதும். கடலைப் பங்கிட்டுக்கொண்ட வணிகம் ஒரு வகை. கடலுக்கே பூட்டுப் போட்ட வணிகம் வேறு வகை.

அடுத்த மாலை காப்பிக்குப் போனோம். ஏலக்காய்ப் பாடத்தில் காப்பி எதற்கு என்று தோன்றலாம். அரபியர் விருந்தினருக்கு ஊற்றும் 'கஹ்வா'வில் காப்பிக்குச் சமமான இடம் ஏலத்துக்கு உண்டு. 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அரபுக் காப்பியைச் சேர்த்தது. காப்பி ஏமனிலிருந்து உலகுக்குப் போனது. ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர், வெளியே கொண்டுபோகத் தடை இருந்த கொட்டைகளில் ஏழை மறைத்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது செவிவழி மரபு. அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆக, ஏமனின் கொட்டை நம் மலைக்கு வந்தது, நம் மலையின் காய் அரபியரின் குவளைக்குப் போனது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் மூன்றாவதாக ஒருவர் நுழைந்த கதை பின்னால் வருகிறது.

ஆங்கிலேயர் காலத்தை விரைவாகவே கடந்தோம், பாடநூலில் அது நிறைய இருக்கிறது என்பதால். ஆனால் நம் பக்கத்துச் செய்தி ஒன்றை விட மனமில்லை. 1877இல் ஜே.டி. மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை பரவியது. மூணாற்றுத் தேயிலை அந்த நாளில் கொச்சிப் பக்கம் இறங்கவில்லை, நம் பக்கம் இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில், அங்கிருந்து மலைச்சரிவில் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடி, அதன்பின் மாட்டுவண்டியில் போடி. பிறகு ரயிலேறித் தூத்துக்குடி, கப்பலேறி இங்கிலாந்து. 1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது. லண்டனில் யாரோ ஒருவர் குடித்த தேநீருக்காகக் கொட்டகுடியில் வண்டி மாடு கட்டிய மனிதருக்கு உலகமயம் என்ற சொல் தெரிந்திராது. சந்தை விலை இறங்கினால் வாடகை குறையும் என்பது தெரிந்திருக்கும்.

அதே 1877இன் மற்றொரு முகம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பட்டினியில் மடிந்தபோதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. ரயிலும் தந்தியும் வந்ததால் விளைச்சலற்ற ஊருக்குத் தானியம் வந்திருக்க வேண்டும். ஆனால் தானியம் பசி இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, விலை இருக்கும் இடத்துக்குப் போனது. தென்மாவட்டத்தார் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தது இக்காலத்தில் பெருகியது. அங்கே 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியைத் தின்றுகொண்டிருந்தது, அதன் இடத்தில் தேயிலை வந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு விடிவு 1895இல் முல்லைப் பெரியாற்று நீர் வந்தபோதுதான் பிறந்தது. பென்னிகுயிக் படத்தை இன்றும் இங்கே வீடுகளில் மாட்டியிருப்பதன் காரணம் பஞ்சத்தைப் படித்தால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும்.

இப்போது குவாத்தமாலா. உலக வரைபடத்தில் அதைக் காட்டச் சொன்னபோது வகுப்பில் எவராலும் இயலவில்லை. மெக்சிகோவுக்குத் தெற்கே, நம்மிடமிருந்து ஏறக்குறைய பாதி உலகம் தள்ளி இருக்கும் சிறு நாடு. ஜெர்மானியர் பலர் அங்கே காப்பித் தோட்டங்கள் வைத்திருந்தனர். அவர்களில் ஆஸ்கார் மயூஸ் கிளோஃபர் என்பவர், முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், கோபான் நகரப் பகுதியில் ஏலத்தை அறிமுகப்படுத்தினார். நம் மலையைப் போன்றே ஈரமும் நிழலும் உள்ள மலை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் தோட்டங்களை அந்நாட்டரசு பறிமுதல் செய்தது. ஏலம் மெல்லப் பரவி, கெக்சி என்னும் மாயா பழங்குடி விவசாயிகளின் சிறு நிலங்களுக்கும் வந்தது. ஏமனின் காப்பிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலத்துக்கும் ஒருசேர மூன்றாவது வீடு அங்கே அமைந்தது.

1980களில் குவாத்தமாலா இந்தியாவை முந்தி உலகின் முதன்மை ஏல விளைச்சல் நாடானது. வியப்பு என்னவென்றால் அங்கே அதை உண்பார் மிகக் குறைவு. பறித்து, உலர்த்தி, அனைத்தையும் கப்பலேற்றி அரபு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதியை நாமே உண்டுவிடுகிறோம்.

அரபு நாடுகள் அவ்வளவு வாங்கியதற்கு விடை தமாம் மாணவனின் வீட்டில் இருக்கிறது. 1973 அக்டோபர் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய் விலை ஏறக்குறைய 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. பாலைவனத்தில் சாலையும் துறைமுகமும் நகரமும் எழத் தொடங்கின. அவற்றைக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. நம் அத்தாக்களும் சச்சாக்களும் போனார்கள். கையில் பணம் சேர்ந்த வீடுகளில் கஹ்வாவில் ஏலமும் தாராளமாக விழுந்தது. ஆக ஒரே எண்ணெய் விலை, தமிழ்நாட்டிலிருந்து மனிதரையும் ஏலத்தையும் ஒருங்கே அழைத்தது. மனிதருக்கு அழைப்பு நிலைத்தது. ஏலத்துக்கு நிலைக்கவில்லை, குவாத்தமாலாக் காய் மலிவாகக் கிடைத்ததால் சவூதிச் சந்தையை நாம் பெரிதும் இழந்தோம். இதைச் சொல்லும்போது அந்த மாணவன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் அத்தாவின் பயணத்துக்கு வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு என்பது அவனுக்குப் புதிது.

போட்டிக்கு நம் பக்கமிருந்தும் விடை வந்தது, அதுவும் ஆய்வுக்கூடத்திலிருந்து அல்ல. கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்துப் பிரித்தெடுத்துப் பெருக்கிய 'ஞள்ளானி' என்னும் இரகம் 1990களில் ஏலமலை முழுவதும் பரவியது. விளைச்சல் பன்மடங்காயிற்று. கூடவே உரமும் மருந்தடிப்பும் ஏறின. நிழல் மரங்கள் குறைந்தன. 2007இல் போடியிலும் இடுக்கிப் பக்கத்திலும் மின்னணு ஏலம் வந்தது. நறுமணப் பொருள்கள் வாரியம் (ஸ்பைசஸ் போர்டு) நடத்தும் அந்தக் கூடத்தில் வணிகர்கள் கணினி முன் அமர்ந்து, தட்டில் வரும் மாதிரிக் காயை விரலால் உருட்டிப் பார்த்து, பொத்தானை அழுத்துகிறார்கள். கூச்சல் இல்லை. பெயர் மட்டும் இன்றும் ஏலம்தான்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இடுக்கித் தோட்டங்கள் அழிந்தன. அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. 2019 ஆகஸ்டில், இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. கேள்விப்பட்டிராத விலை. கடன் வாங்கி நிலம் குத்தகை எடுத்தவர் பலர். பிறகு கொரோனா முடக்கம், தேங்கிய சரக்கு. இரண்டே ஆண்டுகளில் விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2024இல் குவாத்தமாலாவில் விளைச்சல் வீழ்ந்தபோது இங்கே மறுபடி ஏறியது.

இந்த இடத்தில் வகுப்பில் விவாதம் மூண்டது. "அப்போ அங்க மழை பெய்யலேன்னா நமக்கு நல்லதா?" என்று ஒருவன் கேட்டான். இது பாடநூலின் நன்மை தீமைப் பட்டியலுக்குள் அடங்காத கேள்வி. கோபான் இருக்கும் ஆல்டா வெராபாஸ் மாவட்டத்தில், 1978 மே 29 அன்று, பான்சோஸ் என்னும் ஊரில் தம் நிலவுரிமை கேட்டுத் திரண்ட கெக்சி விவசாயிகள்மீது படையினர் சுட்டதில் பலர் மாண்டதை அவர்களுக்குச் சொன்னேன். நம் ஏலத்தைத் தோற்கடித்தவர்கள் என்று சந்தைப் பேச்சில் சொல்லப்படுகிறவர்கள் இவர்களும்தான். நம்மைப் போலவே மலைச்சரிவில் குனிந்து காய் பறிப்பவர்கள். அவர்களின் பஞ்சம் நம் விலையேற்றமாகவும் நம் வெள்ளம் அவர்களின் ஆதாயமாகவும் வந்து சேருகிறது. சந்தைக்கு இரண்டும் ஒன்றே. மார்க்கம் கற்றவனுக்கு ஒன்றாக இருக்க முடியுமா என்பதைப் பிள்ளைகளே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். விலை ஏறும்வரை மக்களுக்குத் தேவையானதைப் பதுக்குவதை, 'இஹ்திகார்' என்று பெயரிட்டு மார்க்கம் கண்டித்திருப்பதை ஓர் உஸ்தாத் வீட்டுப் பிள்ளை எடுத்துச் சொன்னான். ஏலக்காய் உணவா, ஆடம்பரப் பொருளா, அதற்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று பேச்சு நீண்டது. இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து வந்த செய்திதான் எனக்கே தொண்டையில் நின்றது. 2018ஐ ஒட்டி, பூச்சிமருந்து எச்சம் மிகுந்திருப்பதாகச் சொல்லி இந்திய ஏலக்காய்ச் சரக்குகளைச் சவூதி அரேபியா திருப்பி அனுப்பியது. இரு புனித நகரங்களும் இருக்கும் நாட்டின் குவளைக்கு நம் மலையிலிருந்து போனது நஞ்சு கலந்த காய். போட்டியாளர் சூழ்ச்சி என்று சிலர் சொன்னார்கள். எச்சம் இருந்தது உண்மை. இதே காயை நம் ஊரில் பாயாசத்திலும் குழந்தைகளின் பாலிலும் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அயல்நாட்டார் சோதித்ததால் நமக்குத் தெரிந்தது. பார்வைக்காகச் செயற்கைப் பச்சை நிறம் ஏற்றும் வழக்கத்தையும் வாரியம் தடை செய்து எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

மதீனத்துச் சந்தையில் பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றுக்குள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதையும் பிள்ளைகள் மதரஸாவில் கேட்டிருக்கிறார்கள். அளவில் குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை ஓதியிருக்கிறார்கள். நிறுவையில் மோசம் செய்த மத்யன் மக்களுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்டதையும் அறிவார்கள். ஆனால் அவை முகம் தெரிந்த இருவருக்கிடையிலான வணிகத்துக்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடல் தாண்டிய வணிகத்தில் வாங்குபவர் கையை நுழைத்துப் பார்க்க வழியில்லை. ஈரம் எதுவென்று விற்பவருக்கு மட்டுமே தெரியும். பெரிய வணிகர்களாக வரப்போகிற பிள்ளைகள் சிலர் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். எனவே இதை வலியுறுத்தியே சொன்னேன்.

கடைசி மாலையில் பாடம் நடத்தியது நான் அல்ல, ஒரு மாணவி. அவளுடைய பெரியம்மா போடியில் இருக்கிறார். "எங்க பெரியம்மா காய்க்குப் போகுது சார்" என்று முதல் நாளே மெதுவாகச் சொல்லியிருந்தாள். விடுமுறையில் அங்கே சென்று கேட்டு எழுதி வரச் சொன்னேன், எழுதி வந்தாள். விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மெட்டு வழியே மலைக்குப் போவார்கள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை, அடியில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். எனவே நாள் முழுதும் குந்தியோ குனிந்தோதான் இருக்க வேண்டும். முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், பிஞ்சைத் தொட்டால் கங்காணி ஏசுவார். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ. உலர்த்தும் இடத்துக்கு 'ஸ்டோர்' என்று பெயர். மழையில் அட்டைக்கடி, மருந்தடித்த மறுநாள் தலைவலி. பார வண்டி போல ஆளேற்றிய ஜீப்புகள் மலைச்சாலையில் கவிழ்ந்த செய்திகள் நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பிரச்சினையில் எல்லை மூடப்பட்டபோது, மலையில் இருந்தவர்கள் அச்சத்தோடு இறங்கி வந்ததையும் பெரியம்மா சொல்லியிருக்கிறார். அந்த நாள்களுக்குக் கூலி கிடையாது.

7,000 ரூபாய் விலை போன ஆண்டில் பெரியம்மாவின் கூலி எவ்வளவு ஏறியது என்று ஒரு மாணவன் கேட்டான். அவள் தன் தாளைப் பார்த்தாள். "கொஞ்சம் கூடுச்சாம். அப்புறம் விலை இறங்குனப்போ வேலை நாளைக் குறைச்சுட்டாங்களாம்" என்றாள். ஏறும்போது கடைசியாக வந்து, இறங்கும்போது முதலாவதாகப் போகிறது கூலி. உலகமயத்தின் விளைவுகள் என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நான் படித்த விடைகளில் இதற்கு இணையானது ஒன்றும் இல்லை. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பையனும் அந்த வகுப்பில் இருந்தான். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. தங்கள் தோட்டத்தில் கூலியை வார இறுதியில் கொடுக்கிறார்களா, தள்ளிப் போடுகிறார்களா என்று அத்தாவிடம் கேட்டு வருவதாக மட்டும் சொன்னான். வியர்வை உலர்வதற்கு முன் கூலி கொடுப்பது பற்றிய நபிமொழி வகுப்புச் சுவரில் நெடுநாளாக எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பாடத்தால் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதா என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். கூடவில்லை, குறையவும் இல்லை. சில பிள்ளைகள் மட்டும் போடி ஏலத்தின் அன்றாடச் சராசரி விலையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். விலை மாறினால் காரணம் தேடுகிறார்கள். ஒரு நாள் சவூதி, ஒரு நாள் மழை, ஒரு நாள் தீபாவளி.

அடுத்த பாடம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலை ஆய்வு நிலையம் 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதை நட்ட சில மாதங்களிலேயே காய்ப்பது, இன்று ஆப்பிரிக்க நாடுகள் வரை பயிராகிறது. பி.கே.எம். என்பது பெரியகுளத்தின் சுருக்கம்தான் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஏலம் நம் மலையைவிட்டுப் போனபோது இழந்தது என்ன, முருங்கை போனபோது ஈந்தது என்ன, இரண்டிலும் யாரை யார் கேட்டார்கள் என்று அங்கிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு பெண் முந்திக்கொண்டு வீட்டுக் கொல்லையிலிருந்து முருங்கை விதை நான்கைக் கொண்டுவந்து, ஏலக்காய் இருந்த அதே தட்டில் வைத்துவிட்டாள்.